மகனுக்கு 21 மாதம், நான்கு சொல்தான் வருகிறது. இன்னும் காத்திருக்கலாமா?

நொய்யல்கரை | திங்கள், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு இந்த வாரத்தோடு 21 மாதம் முடிகிறது. அவன் சொல்லும் சொற்களை நேற்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அம்மா, மம்மு, டாட்டா, அப்புறம் லாரியோ பஸ்ஸோ போனால் "பூம்". பக்கத்தில் பாதியும் நிரம்பவில்லை. எதிர்வீட்டுப் பெண் குழந்தை இவனைவிட ஒரு மாதம் இளையவள். "பாட்டி கோயில் போச்சு" என்கிறாள்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்கிறார் மாமியார். என் அம்மா அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். ஒன்றரை வயது ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "மூன்று வயது வரை பார்க்கலாம்" என்று சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் நன்றாக நடக்கிறான், ஓடுகிறான். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போவான். கூப்பிட்டால் சில நாள் உடனே திரும்புவான். சில நாள் பின்னால் நின்று நான்கு முறை கூப்பிட்டாலும் விளையாட்டிலேயே இருப்பான். பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். மற்றபடி ஆரோக்கியமான பிள்ளை, அடிக்கடி சளி பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டு வேளைச் சோறும் போனில் பாட்டுப் போட்டுத்தான் ஊட்டுகிறோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காத்திருக்கலாமா, யாரையாவது பார்க்க வேண்டுமா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

அந்திவானம் | திங்கள், இரவு 11.52

பதற வேண்டாம் சகோதரி. என் பெரிய மகன் இரண்டே முக்கால் வயது வரை "அப்பா", "தா" தவிர எதுவும் சொன்னதில்லை. பேச ஆரம்பித்தபோது நேரே வாக்கியமாக வந்தது. இன்று கல்லூரியில் படிக்கிறான், மேடையில் பேசுகிறான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் நமக்குத்தான் நிம்மதி போகும். மூன்று வயது வரை பொறுங்கள்.

காதொலி | செவ்வாய், காலை 6.35

நொய்யல்கரை, செவித்திறன் சோதனையிலும் பேச்சுப் பயிற்சியிலும் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பதிவில் என் கண் நின்றது "சில நாள் திரும்புவான், சில நாள் திரும்ப மாட்டான், அடிக்கடி சளி" என்ற இடத்தில்தான். முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள். இந்த வாரமே.

அந்திவானம் ஐயா சொன்னதும் பொய்யில்லை. இரண்டு வயதில் நூறு குழந்தைகளில் 10 முதல் 15 பேர் தாமதமாகப் பேசுகிறவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். நாம் சொல்வது நன்றாகப் புரிகிற, விரலாலும் முகத்தாலும் நிறையச் 'சொல்கிற' குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம். யார் எட்டுவார், யார் எட்டமாட்டார் என்பது 21 மாதத்தில் முகத்தைப் பார்த்துத் தெரியாது. எட்டிய பிள்ளைகளின் கதையைத்தான் ஊர் சொல்லும். எட்டாத பிள்ளைகள் ஐந்து வயதில் எங்கள் அறைக்கு வருகிறார்கள்.

நாங்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லைகளைச் சொல்கிறேன். ஒரு வயதாகியும் "பப்பப்பா, தத்தத்தா" என்ற அடுக்கொலி வரவில்லை, கையை நீட்டிக் காட்டுவதும் டாட்டா காட்டுவதும் இல்லை என்றால் பார்க்க வேண்டும். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்றாலும், இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றாலும் பார்க்க வேண்டும். பாட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்வது இந்தக் கணக்கில் வராது. எந்த வயதிலும் வந்த சொல் மறைந்துபோனால், அதற்கு ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் "பூம்" ஒரு முழுச் சொல். ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை மாறாமல் சொன்னால் அது சொல்தான், அகராதியில் இருக்க வேண்டியதில்லை. நோட்டைத் திரும்ப எடுத்து அப்படிப்பட்டவற்றையும் சேருங்கள்.

நாக்கு விஷயம். நாக்கு ஒட்டியிருந்தால் கைக்குழந்தையில் பால் குடிக்கச் சிரமப்பட்டிருக்கலாம், பின்னால் சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம். சொல்லே வராததற்கு அது காரணமாகாது. வசம்பு வேண்டாம். இதைப் படிக்கும் கைக்குழந்தை வீட்டார் ஒன்றை மனதில் வையுங்கள்: ஒரு வயது முடியும் முன் தேனை நாக்கில் தடவவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கலாம்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். காகம், நிலா, விமானம் எதையாவது விரலால் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை செய்தார்களா?

நொய்யல்கரை | செவ்வாய், காலை 9.10

காட்டுகிறான் மேடம். காகத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். காதுச் சோதனை செய்த மாதிரி நினைவில்லை, டிஸ்சார்ஜ் சீட்டிலும் எதுவும் இல்லை. ஆனால் நாங்களே தட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறோம், திரும்பினான். அப்புறமும் சோதனை வேண்டுமா?

மணல்வீடு | செவ்வாய், காலை 10.48

தட்டைத் தட்டினேன் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகளுக்கு நாங்களும் தட்டினோம். எவர்சில்வர் தட்டு, கரண்டி. திரும்பினாள். கதவைச் சாத்தினால் திரும்பினாள். குக்கர் விசில் வந்தால் அடுப்படியைப் பார்த்தாள். அவளுக்குக் காது கேட்கிறது என்று ஊருக்கே சொன்னேன். பின்னால்தான் புரிந்தது. தரையில் கால் பதித்து நிற்கிற குழந்தைக்குத் தட்டின் அதிர்வு காலில் தெரிகிறது. கதவைச் சாத்தினால் காற்று முகத்தில் படுகிறது. குக்கர் கத்தினால் நான் எழுந்து ஓடுகிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கெட்டிக்காரத்தனமே எங்களை ஏமாற்றியது.

கைக்குழந்தையில் "ங்ஆ ங்ஆ" என்று சத்தம் போட்டவள்தான். ஏழெட்டு மாதத்தில் அது பெருகாமல் குறைந்தது. சாந்தமான குழந்தை என்று பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இரண்டு வயது நான்கு மாதத்தில் 'பெரா' எடுத்தோம். தூங்க வைத்து, தலையில் வயர்களை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பில் அது போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சோதனை. இரண்டு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு. முதலில் காதில் மாட்டும் கருவி வைத்துப் பார்த்தோம், போதவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, வைத்தார்கள். எங்கள் கைக்காசில் அது நடந்திருக்காது.

இம்பிளாண்ட் வைத்த வீடுகளில் "கேட்கும் வயது" என்று ஒன்று சொல்வோம். சுவிட்ச் ஆன் செய்த நாளிலிருந்துதான் அந்த வயதை எண்ண வேண்டும். அன்று அவள் அலறி அழுதாள், நான் சிரித்தேன். மூன்று வயதுப் பிள்ளை, கேட்கும் வயது ஒரு நாள். அதன் பிறகு தினமும் பயிற்சி, தினமும் வீட்டில் பேச்சு. ஏழு மாதம் கழித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது "போதும்" என்றாள். அம்மா என்று முதலில் சொல்வாள் என்று காத்திருந்தவள் நான். அந்தப் 'போதும்'க்கு ஈடாக எனக்கு எதுவும் வேண்டாம்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தமிழில் கதைப் புத்தகம் வாசிக்கிறாள். 'ழ' இன்னும் வரவில்லை, பரவாயில்லை. ஆனால் பிறந்த வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். தங்கை, தட்டை நம்பாதே. மெஷினிடம் போ.

காதொலி | செவ்வாய், பகல் 1.15

மணல்வீடு எழுதியதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உலகம் முழுக்க இதை 1-3-6 என்று சொல்கிறோம். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, பின்னால் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது. குறைபாடு லேசானதா கடுமையானதா என்பதைத் தாண்டி அது உண்மையாக இருந்தது.

நொய்யல்கரை, விரலால் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான் என்பது எனக்கு மிகப் பெரிய ஆறுதல். சொல்லுக்கு முந்தைய படி அது. "நான் பார்ப்பதை நீயும் பார்" என்று கேட்கத் தெரிந்த குழந்தை அவன். கையை இழுத்துப் போவது மட்டும் இருந்து, காட்டுவதும் முகம் பார்ப்பதும் இல்லாமல் இருந்திருந்தால் வேறு சில சோதனைகளையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

சளி அடிக்கடி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது, அதனால் வீட்டில் தெரியாது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பது போல இருக்கும். சில வாரம் வற்றும், சில வாரம் நிரம்பும். சத்தமாக வைத்த போன் பாட்டு கேட்கும், பின்னாலிருந்து வரும் அம்மாவின் குரல் மங்கும். உங்கள் மகனுக்கு இதுதான் என்று சொல்லவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓ.ஏ.இ. (ஒலிக்கு உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது), டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்ப்பது) இரண்டையும் கேளுங்கள். சில நிமிட வேலை, ஊசி கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் "டி.இ.ஐ.சி. எங்கே" என்று கேட்டால் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பிரிவைக் காட்டுவார்கள். ஒரே இடத்தில் காதும் பேச்சும் பார்க்கலாம்.

அந்திவானம் | செவ்வாய், மாலை 7.40

மணல்வீடு சகோதரியின் பதிவை மூன்று முறை படித்தேன். பொறுங்கள் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் மகனுக்கு நன்றாக அமைந்தது, அதை எல்லோருக்கும் பொருத்திவிட்டேன்.

ஆனால் ஒரு சந்தேகம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். சளியால் சில வாரம் மட்டும் காது மங்கினால் பேச்சு எப்படிப் பின்தங்கும்? மீதி நாளில் கேட்கிறதே? அப்புறம் என் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றவர். களையெடுப்பும் மாட்டுத் தொழுவமுமாக இருந்தவர், எந்தப் பிள்ளையோடும் உட்கார்ந்து கொஞ்சியதில்லை. எல்லோரும் பேசினார்களே?

சொல்வேட்டை | செவ்வாய், இரவு 10.05

மொழியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். ஐயாவின் இரண்டு கேள்வியும் நல்ல கேள்விகள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பேச ஆரம்பிப்பது முதல் பிறந்தநாளில் என்று நாம் நினைக்கிறோம். கேட்க ஆரம்பிப்பது அதற்கு வெகு முன்னால், வயிற்றுக்குள். ஆறாம் மாதம் தாண்டியதும் வெளிச்சத்தத்துக்குக் கரு அசைகிறது. சொற்கள் உள்ளே தெளிவாகப் போகாது, ராகம் போகும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிறந்து சில நாளே ஆன 30 பிரெஞ்சு, 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்தார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை கீழிருந்து மேலே ஏறியது, ஜெர்மன் குழந்தைகளுடையது மேலிருந்து இறங்கியது. அந்த மொழிகளின் பேச்சு ராகமும் அப்படித்தான். அழும்போதே தாய்மொழியில் அழுகிறது என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அதில் நம் ட-வும் த-வும் இருக்கின்றன. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியில் நாக்கை மடித்துச் சொல்லும் 'ட', பல்லில் வைத்துச் சொல்லும் 'த' இரண்டையும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அநேகமாக யாராலும் முடியவில்லை. கட்டிக்கும் கத்திக்கும் வித்தியாசம் தெரியாத வெளிநாட்டவரைப் பார்த்திருப்பீர்கள். அவரும் ஆறு மாதத்தில் அதைக் கேட்டவர்தான். நாமும் அப்படித்தான். இந்தியின் நான்கு 'க'வும் நம் காதில் ஒன்றாக விழுகின்றன, தொட்டிலில் கிடந்தபோது அப்படி விழுந்திருக்காது.

இதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. தன் வீட்டு மொழிக்குக் குழந்தை காதைத் தீட்டிக்கொள்கிறது. ட-த வேறு, ல-ள வேறு என்று நம் குழந்தை எதைப் பார்த்து முடிவு செய்யும்? ஆயிரக்கணக்கான முறை கேட்டுக் கேட்டுத்தான். அப்புறம் இன்னொரு சிக்கல். பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. "சாப்பிடவாடாகண்ணு" என்று ஒரே ஓட்டமாகத்தான் வருகிறது. எங்கே வெட்டுவது? 1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியின்றி வெறும் இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று கணக்குப் போட்டு, குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்துவிட்டன.

இப்போது ஐயாவின் முதல் கேள்வி. இந்தக் கணக்குக்கு ஒலி நிலையாக வர வேண்டும். இன்று 'பட்டு' தெளிவாகவும் அடுத்த வாரம் 'ப..உ' என்று மங்கலாகவும் கேட்டால், எதை வைத்துக் கணக்குப் போடுவது? குழந்தைக்குக் காது மங்கியிருப்பதே தெரியாது. அதற்கு உலகம் அப்படித்தான். எல்லாக் குழந்தையும் இதனால் பின்தங்குவதில்லை, நிறையப் பேர் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாம் கேள்வி, உங்கள் பாட்டி. நியாயமான கேள்வி, துறையிலேயே பெரிய விவாதம். பப்புவா நியூ கினியில் கலுலி மக்கள் கைக்குழந்தையிடம் நேராகப் பேசுவது குறைவு, மழலை பேசிக் கொஞ்சுவதில்லை என்று அங்கே தங்கியிருந்து பாம்பி ஷீஃபலின் பதிவு செய்தார். பொலிவியாவின் சிமானே மக்களிடம் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை நோக்கிப் பேசும் பேச்சு மணிக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. அங்கேயும் குழந்தைகள் பேசுகிறார்கள். கொஞ்சினால்தான் மொழி வரும் என்பதில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் நாள் முழுக்க யாரோ ஒருவரின் இடுப்பில், மனிதப் பேச்சின் நடுவில் இருக்கிறார்கள். உங்கள் பாட்டி வீட்டிலும் மூத்த பிள்ளைகள், அத்தைமார், சித்திமார், களத்துமேட்டுப் பேச்சு. ஒன்பதாவது பிள்ளைக்கு எட்டு ஆசிரியர்கள். நான்கு சுவருக்குள் அம்மாவும் பிள்ளையும் போனும் மட்டும் இருக்கும் வீட்டை அதோடு ஒப்பிட முடியாது.

போனைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பட்ரிசியா குல் குழு 2003இல் சியாட்டிலில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தது. நேரில் உட்கார்ந்து ஒருவர் பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் காட்டியபோது எதுவும் ஒட்டவில்லை. திரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அது "ங்ஆ" என்றால் பதில் சொல்வதில்லை.

பனிக்காலம் | புதன், காலை 5.25

டொரொண்டோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணம். சொல்வேட்டை ஐயாவிடம் கேட்க வேண்டும். என் மகன் இரண்டு வயதில் சரியாகக் கதைக்கவில்லை என்றதும், பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்புது" என்று சொன்னார்கள். ஆறு மாதம் நிறுத்தினோம். எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் வேலைக்குப் போதும், பிள்ளையோடு கொஞ்சப் போதாது. வீடே அமைதியாகிவிட்டது. அம்மம்மா வீடியோவில் வந்தாலும் அவனோடு என்ன கதைக்கிறது என்று தெரியாமல் இருப்பா. திரும்பத் தமிழுக்கு வந்தோம். இப்போது நாலரை வயது, இரண்டும் கதைக்கிறான். "ஸ்னோவுக்குள்ள விழுந்திட்டன்" என்று நேற்று ஓடி வந்தான். அந்த ஆறு மாதத்தால் ஏதும் கெடுதி நடந்திருக்குமா என்று இன்றைக்கும் மனம் உறுத்துது.

சொல்வேட்டை | புதன், காலை 8.50

கெடுதி நடந்ததாக நினைத்து வருந்தாதீர்கள் சகோதரி, நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. இரு மொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொல் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 'பால்' ஒன்று, 'ஷூ' ஒன்று. தாமதம் இருக்கும் குழந்தைக்குக்கூட வீட்டு மொழியைப் பறிப்பது தீர்வாகாது. பெற்றோருக்குச் சரளமான மொழியில்தான் நிறையப் பேச்சு நடக்கும், அதுதான் மருந்து.

உங்கள் மகனின் "ஸ்னோவுக்குள்ள"-வைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லை எடுத்து, உடம்படுமெய் சேர்த்து, வேற்றுமை உருபு போட்டு, 'உள்ள'வை ஒட்டியிருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்காத இலக்கணம். துருக்கி போல ஒட்டுகள் நிறைந்த மொழிகளில் குழந்தைகள் இரண்டு வயதை ஒட்டியே வேற்றுமை ஒட்டுகளைப் பிழை குறைவாகக் கையாள்கிறார்கள் என்று டேன் ஸ்லோபின் காட்டியிருக்கிறார். நம் மொழியும் அந்த வகை. ஒட்டுகள் சொல்லின் கடைசியில் தெளிவாகக் கேட்கின்றன, குழந்தைக்குப் பிடிக்க வசதி.

வெள்ளாமை | புதன், பகல் 3.30

கண்ணு நொய்யல்கரை, நான் 31 வருடம் அங்கன்வாடியில் இருந்தவள். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும். காதுச் சோதனைக்குப் போகிற வரைக்கும், போய் வந்த பிறகும், வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

போனை எடுத்து உள்ளே வை. இரண்டு நாள் சோறு குறைவாகத் தின்பான், மூன்றாம் நாள் பசிக்கும். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் நிலாவைக் காட்டி ஊட்டு. அந்தக் காலத்தில் ஏன் நிலாவைக் காட்டினார்கள்? நீ கை நீட்டுகிறாய், அவன் உன் கையைப் பார்த்து அப்புறம் மேலே பார்க்கிறான், அப்போது நீ "நிலா" என்கிறாய். பேர் எந்தப் பொருளுக்கு என்று பிள்ளைக்கு வேறு எப்படித் தெரியும்? பிள்ளைத்தமிழில் சப்பாணி கொட்டுவதற்குப் பின்னால் அம்புலியைக் கூப்பிடும் பருவம் வருகிறதே, பிள்ளை வளர்கிற வரிசையும் அதுதான்.

அவன் முகத்துக்கு நேராக, அவன் உயரத்துக்கு உட்கார்ந்து பேசு. "இது என்ன, இது என்ன" என்று பரீட்சை வைக்காதே, பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நீ சொல்லு. அவன் "பூம்" என்றால் "ஆமா, பஸ் போகுது, பெரிய பஸ்" என்று ஒரு சொல் கூட்டிக் கொடு. சொல்லிவிட்டுச் சும்மா இரு. மனதுக்குள் பத்து எண்ணு. நாம் எல்லோரும் தவறுகிற இடம் அதுதான், பிள்ளைக்கு முறை வருமுன் நாமே அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம்.

குடத்துக்கு இழுத்துப் போனால் உடனே மொண்டு கொடுக்காதே. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணி" என்று சொல்லி அவன் முகத்தைப் பார். "த" என்றாலும் போதும், கொடுத்துவிடு. அழ விடாதே, அது பயிற்சி இல்லை, வதை.

மம்மு, ஜோஜோ, தாச்சி என்று பேசினால் பேச்சு கெட்டுப்போகும் என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த வரையில் அந்தச் சொற்களில்தான் பிள்ளை முதலில் கால் வைக்கிறது.

காதொலி | புதன், இரவு 9.00

வெள்ளாமை அம்மா, நாங்கள் பெற்றோருக்கு நான்கு அமர்வில் சொல்லிக்கொடுப்பதை ஒரு பதிவில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பத்து எண்ணுவதை எங்கள் அறையில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். மம்மு, ஜோஜோ பற்றியும் நீங்கள் சொல்வது சரி. உதட்டிலும் முன்நாக்கிலும் வரும், இரட்டித்து வரும் ஒலிகள் குழந்தைக்கு எளிது. 'க' பின்நாக்கு, அதனால்தான் பல பிள்ளைகளுக்குக் காக்கா சில காலம் 'தாத்தா'வாக இருக்கிறது. ர, ற, ழ எல்லாம் கடைசியில் வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு 'ழ' வரவில்லை என்று கூட்டி வருகிறவர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

நொய்யல்கரை | ஒன்பது நாள் கழித்து, இரவு 10.30

போய் வந்தோம். மாமியாரும் கூட வந்தார். காதுக்குள் சிறு குழாய் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் இருக்கிறது, வலது பக்கம் அதிகம். டிம்பனோமெட்ரி தாளில் மலை மாதிரி வர வேண்டிய கோடு தட்டையாக வந்தது. நரம்பில் கோளாறு இருக்கிற மாதிரித் தெரியவில்லை, நீர் வற்றியதும் திரும்பப் பார்த்து உறுதி செய்கிறோம் என்றார்கள். பெரும்பாலும் தானாக வற்றிவிடுமாம், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி.

பிடிவாதம் என்று நினைத்து இரண்டு முறை அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

மணல்வீடு | அதே இரவு, 10.41

தங்கை, நானும் அடித்திருக்கிறேன். தெரியாமல் செய்தோம். இன்று முன்னால் போய் நின்று கூப்பிடு, தோளைத் தொட்டுக் கூப்பிடு. அவன் உன்னைத்தான் பார்ப்பான்.

நொய்யல்கரை | பதினோரு வாரம் கழித்து, காலை 7.15

இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மறுசோதனை நேற்று. இடது காது சுத்தமாகிவிட்டது, ஓ.ஏ.இ. சரியாக வந்தது. வலது காதில் இன்னும் கொஞ்சம் நீர் இருக்கிறது, அடுத்து ஆறு வாரத்தில் பார்க்கிறோம். போன் இப்போது பீரோவுக்குள். முதல் இரண்டு நாள் அழுதான், வெள்ளாமை அம்மா சொன்ன மாதிரி மூன்றாம் நாள் சாப்பிட்டான். பத்து எண்ணுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. மாமியாருக்கு அது சுலபமாக வருகிறது. மாடியில் அவர்தான் ஊட்டுகிறார்.

நோட்டில் 43 சொல் ஆகியிருக்கிறது. காகம் 'தாத்தா'தான். எங்கள் மாமனார், அவர் வாசலுக்கு வரும்போதெல்லாம் பேரன் கூப்பிடுகிறான் என்று சந்தோஷமாக இருக்கிறார். மதிலில் காகம் இருப்பதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை நான் அடுப்படியில் இருந்தேன். பின்னால் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு "ம்மா, தாத்தா போச்சு" என்றான். இரண்டு சொல் சேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. நான் திரும்பி உட்கார்ந்து, "ஆமா, காக்கா பறந்து போச்சு" என்று சொல்லிவிட்டுப் பத்து எண்ண ஆரம்பித்தேன். நான்கில் அடுத்ததைச் சொல்லிவிட்டான்.

43-ஐ அடித்துவிட்டு 44 என்று எழுதியிருக்கிறேன்.